திருகோணமலை வளவில் ஒரு சிறிய மேப்பிள்: அனுமதிப் பத்திரம் முதல் கச்சான் காலம் வரை

கனடாவில் உறவு இல்லாத வீடு எங்கள் பக்கம் குறைவு. அதனால்தானோ என்னவோ, என் முற்றத்தில் நிற்கும் கன்றைப் பார்க்கிற எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "அந்தக் கொடியில இருக்கிற இலைதானே இது? எங்கட வளவிலயும் வருமா?" வரும். ஆனால் எல்லா மேப்பிளும் வராது, எல்லா மாதத்திலும் வராது, கடற்கரை மணலில் நேரடியாக நட்டாலும் வராது. நான் இரண்டு முறை தோற்று மூன்றாவது முறைதான் கன்றைக் காப்பாற்றினேன். நான் இழந்த பணத்தையும் மூன்று வருடங்களையும் நீங்களும் இழக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். படங்களில் பார்க்கிற மாதிரி மரம் முழுக்கத் தீப்பிடித்ததுபோல் சிவப்பது இங்கே நடக்காது. அதற்குக் குளிர்ந்த இரவுகள் வேண்டும், நமக்குத் தை மாத இரவில்கூட 24 பாகை அளவில்தான் இறங்கும். உங்களுக்குக் கிடைக்கப்போவது சிவந்த காம்பும், செம்பு நிறத் தளிரும், அடியில் வெள்ளி பூசியதுபோன்ற பச்சை இலையும், தொட்டியில் நாலைந்து அடி உயரமும். இது போதும் என்றால் மேலே படியுங்கள்.

1. எந்த மேப்பிள், எந்த ஊர் விதை

செலவில் பாதி இந்த இடத்தில் வீணாகிறது, ஆகவே கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள்.

ரொறன்ரோவில் இருக்கும் அக்கா எனக்கு அனுப்பியது சர்க்கரை மேப்பிள் விதை, பாணி காய்ச்சுகிற அந்த மரம்தான். அதை ஈர மணலில் கலந்து, பிரிட்ஜில் இரண்டு மூன்று மாதம் வைத்தால்தான் முளைக்கும். உறையும் நிலைக்குச் சற்று மேலே இருக்கும் குளிரில்தான் அது நன்றாக முளைப்பதால், என்னுடையவை பிரிட்ஜுக்குள்ளேயே வெள்ளை வேர் விட்டன. நானும் பெரிய சந்தோஷத்தில் எடுத்து நட்டேன். இரண்டு சோடி இலை வந்தது. அப்புறம் நுனியில் பழுப்பு நிற மொட்டு ஒன்று இறுக மூடிக்கொண்டது, அது திறக்கவே இல்லை. தண்ணீர், பசளை, நிழல் எல்லாம் கொடுத்துப் பார்த்தேன். ஆடி மாதத்துக்குள் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

காரணம் பிறகுதான் விளங்கியது. வடக்கே வளரும் மேப்பிளின் மொட்டு வாரக்கணக்கில் குளிரை உணர்ந்தால்தான் அடுத்த முறை விழிக்கும். யப்பானிய மேப்பிளுக்கும் இதே கதைதான், எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை இங்கே வாங்க வேண்டாம்.

நமக்கு ஓரளவு ஒத்துவருவது சிவப்பு மேப்பிள், தாவரவியல் பெயர் ஏசர் ரூப்ரம். வட அமெரிக்காவின் கிழக்குப் பக்கத்தில் கனடாவின் நியூபவுண்ட்லாந்திலிருந்து தெற்கே புளோரிடா வரை இது இயற்கையாக நிற்கிறது. ஒரே இனம் என்றாலும் வடக்குக் கன்றுக்கும் தெற்குக் கன்றுக்கும் குணம் வேறு: கனடா விதையில் வந்தது குளிரைக் கேட்கும், தென் புளோரிடா விதையில் வந்தது குளிர் இல்லாமலே மொட்டுத் திறக்கும். ஆகவே அனுப்புகிறவரிடம் "சிவப்பு மேப்பிள் விதை அனுப்பு" என்று மட்டும் சொல்லி விடாதீர்கள். "தென் புளோரிடாவில் நிற்கிற மரத்தின் விதை" என்று சொல்லுங்கள். கடையில் பொதியாக விற்கும் விதையில் எந்த ஊர் மரம் என்று பெரும்பாலும் எழுதியிருக்காது, அதை நம்பிக் காசு கொடுக்க வேண்டாம்.

2. பத்திரங்கள்: விதைக்கு முன்னால் கடதாசி

என் முதல் தோல்வி இதில்தான். அக்கா விடுமுறைக்கு வந்தபோது சிறிய கன்று இரண்டை வேர் மண்ணோடு பையில் சுற்றிக் கொண்டு வந்தா. விமான நிலையத்தில் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் மேல் குறை இல்லை, சட்டம் அப்படித்தான்: 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வெளிநாட்டுச் செடி, விதை எதுவும் அனுமதி இல்லாமல் உள்ளே வரக்கூடாது. மண்ணோடு வருவது அதைவிடப் பெரிய பிரச்சினை, ஏனென்றால் நம் நாட்டில் இல்லாத புழுவும் பூஞ்சணமும் அந்த ஒரு பிடி மண்ணில் வந்துவிடும். நெல்லும் வெங்காயமும் செய்கிற மாவட்டத்தில் இருந்துகொண்டு அதை நாம் சும்மா எடுத்துக்கொள்ள முடியாது.

தேவையானவை இரண்டு.

முதலாவது, இறக்குமதி அனுமதிப் பத்திரம். இதை எடுக்க வேண்டியது இங்கே விதையைப் பெறப்போகிற நீங்கள். விவசாயத் திணைக்களத்தின் கீழ் கட்டுநாயக்கவில் இயங்கும் தாவரத் தொற்றுத்தடுப்புப் பிரிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். செடியின் தாவரவியல் பெயர், விதையா கன்றா, எத்தனை, எந்த நாடு, அனுப்புகிறவர் பெயர் முகவரி, எதற்காக, எந்த வழியாக வரும் என்ற விவரங்களை ஒரு தாளில் முதலே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அடையாள அட்டைப் பிரதி ஒன்றும் கையில் இருக்கட்டும். "மேப்பிள்" என்று மட்டும் எழுதினால் போதாது. அந்தப் பெயரில் நூற்றுக்கு மேற்பட்ட இனங்கள் உண்டு.

இரண்டாவது, தாவர சுகாதாரச் சான்றிதழ். இது அனுப்புகிறவர் அங்கே எடுப்பது. அமெரிக்கா என்றால் அந்நாட்டு விவசாயத் திணைக்களம், கனடா என்றால் அந்நாட்டு உணவுப் பரிசோதனை முகவர் நிலையம். விதையில் பூச்சி, நோய் இல்லை என்று பரிசோதித்துத்தான் கொடுப்பார்கள்.

வரிசையை மாற்றிவிடாதீர்கள், பலர் தடுமாறுவது இங்கேதான். முதலில் நம் அனுமதிப் பத்திரம், அதன் பிரதியை அங்கே அனுப்புங்கள், அதில் எழுதியிருக்கும் நிபந்தனைகளைப் பார்த்துத்தான் அவர்கள் சான்றிதழ் தயாரிக்க வேண்டும். சான்றிதழை முதலில் எடுத்துவிட்டால், நம் நிபந்தனை ஒன்று அதில் விடுபட்டு, திரும்பக் காசு கட்டி எடுக்க வேண்டி வரும். பொதியோடு மூலச் சான்றிதழ் வரவேண்டும், போனில் எடுத்த படம் செல்லாது. இரண்டு பத்திரத்திலும் தாவரவியல் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

இன்னொன்று, புளோரிடாவில் தேசியப் பூங்காக்களுக்குள் விதை பொறுக்குவது சட்டவிரோதம். வீட்டு வளவிலோ, உரிமையாளர் சம்மதித்த இடத்திலோ எடுக்கச் சொல்லுங்கள்.

3. செலவு

எனக்கு ஆனதைச் சொல்கிறேன், உங்களுக்குக் கூடலாம் குறையலாம். அங்கே சான்றிதழுக்கு ஏறக்குறைய 60 டொலர், கூரியருக்கு 40 டொலருக்குக் கிட்ட. அதை விதை அனுப்பிய சித்தப்பாவின் மகன் ஏற்றுக்கொண்டான். இங்கே அனுமதிக் கட்டணம் பெரிய தொகை இல்லை. போக்குவரத்துத்தான் அதைவிட அதிகம், அதனால் தொலைபேசியிலோ மின்னஞ்சலிலோ கேட்டு முடிக்கக்கூடியதை முதலில் முடித்துவிட்டுப் புறப்படுங்கள். மண் தொட்டி இரண்டு, தும்புத்தூள், நிழல் வலை, கிடுகு எல்லாம் சேர்த்து 9,000 ரூபாய்க்குள் முடிந்தது.

இந்தக் கணக்கைப் பார்த்துத் தனியாகச் செய்வது அதிகம் என்று பட்டால், மூன்று நான்கு வீட்டார் சேர்ந்து ஒரே அனுமதியில் கொஞ்சம் கூடுதலாக விதை எடுத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். இருபது விதைக்கும் இருநூறு விதைக்கும் கடதாசி வேலை ஒன்றுதான்.

4. மாதக் கணக்கு

சிவப்பு மேப்பிள் மற்றப் பல மேப்பிள்களைப்போல இலையுதிர் காலத்தில் விதை தருவதில்லை. குளிர்காலக் கடைசியிலேயே பூத்து, இலை முழுதாக விரிவதற்கு முன்னரே காய்த்துவிடும். தென் புளோரிடாவில் பெப்ரவரி, மார்ச் அளவில் சிறகு வைத்த விதைகள் சுழன்று விழும். ஆகவே நம் அனுமதிப் பத்திரம் ஜனவரிக்குள் கையில் இருக்க வேண்டும். டிசம்பர் தொடக்கத்தில் விண்ணப்பியுங்கள். எனக்கு மூன்று வாரம் எடுத்தது, நடுவில் நத்தார் விடுமுறையும் வந்தது.

விதை நம் கைக்கு வருவது ஏப்ரலில். உடனே நட்டுவிட வேண்டும் என்று கை துடிக்கும், ஏனென்றால் இந்த விதையைச் சர்க்கரை மேப்பிளைப்போல ஈர மணலில் பிரிட்ஜில் வைக்கத் தேவையில்லை, ஒன்றிரண்டு வாரத்திலேயே முளைத்துவிடும். நான் பாதி விதையை அப்படித்தான் சித்திரையில் நட்டேன். பன்னிரண்டு முளைத்தன. வைகாசிக் கடைசியில் கச்சான், அதாவது தென்மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று, தொடங்கியது, ஆனி முடிவதற்குள் பன்னிரண்டும் காகிதம்போல் காய்ந்துவிட்டன.

மீதிப் பாதியை வைத்திருந்ததுதான் என்னைக் காப்பாற்றியது. விதையை வீட்டுக்குள் நிழலில் நான்கைந்து நாள் பரப்பி மேல் ஈரத்தை ஆற்றுங்கள். வெயிலில் போட வேண்டாம். காற்றுப் புகாத கண்ணாடிப் போத்தலில் அடைத்து, பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். உறைய வைக்கும் அறைக்குள் வேண்டாம். போத்தலின் மேல் பெயரும் திகதியும் எழுதி ஒட்டுங்கள், வீட்டில் வேறு யாராவது எடுத்து எறிந்துவிடாமல் இருக்கும். வெளியில் அறை வெப்பத்தில் கிடந்தால் சில வாரத்திலேயே உயிர் போய்விடும்.

ஐப்பசியில், முதல் இரண்டு மழை விழுந்து நிலம் குளிர்ந்த பிறகு, அதாவது ஒக்டோபர் கடைசியில் நடுங்கள். அப்போது நட்டால் அடுத்த கச்சான் வரும்போது கன்றுக்கு ஏழு மாத வயது, தண்டு கொஞ்சம் முற்றியிருக்கும். திருகோணமலையில் மேப்பிள் பிழைப்பதும் சாவதும் இந்த ஏழு மாதத்தில்தான் இருக்கிறது.

5. மண்ணும் தொட்டியும்

உப்புவெளி, நிலாவெளி, திருக்கடலூர்ப் பக்கம் என்றால் வெறும் மணல், தோண்டினால் சிப்பி ஓடு. மணல் ஈரத்தைப் பிடிக்காது, சிப்பிச் சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்கிவிடும். சிவப்பு மேப்பிளோ சதுப்பு நிலத்தில் நிற்கிற மரம், சற்று அமிலத்தன்மையான, ஈரம் தங்கும் மண்தான் அதற்குப் பிடிக்கும். அதனால் தரையில் நடாமல் தொட்டியில் தொடங்குங்கள்.

கலவை: தும்புத்தூள் இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, நன்றாக மக்கிய கூட்டெரு ஒரு பங்கு. தும்புத்தூளை அப்படியே போடாதீர்கள், அதில் உப்பு இருக்கும். பெரிய வாளியில் ஊறவைத்து மூன்று தண்ணீர் மாற்றிப் பிழிந்து எடுங்கள். புதிய மாட்டெருவும் வேண்டாம், சூடு வேரைச் சுட்டுவிடும்.

விதையை அரை அங்குல ஆழத்துக்குக் குறைவாகப் புதையுங்கள், சிறகை வெட்டத் தேவையில்லை. கார்த்திகை, மார்கழியில் இங்கே மழை நாள்கணக்கில் கொட்டும், அந்த நேரம் நாற்றுகளைத் தாழ்வாரத்தின் கீழ் எடுத்து வையுங்கள். வளர்ந்த சிவப்பு மேப்பிள் தண்ணீர் நிற்பதைத் தாங்கும், ஆனால் இரண்டு இலை நாற்று அடித்தண்டு கறுத்து விழுந்துவிடும். நத்தையும் அந்தக் காலத்தில்தான் வரும், இரவில் டோர்ச் எடுத்துக்கொண்டு ஒருதரம் பாருங்கள்.

நான்கு இலை வந்ததும் ஒவ்வொன்றையும் தனிச் சட்டிக்கு மாற்றுங்கள், மாசியில் ஓரடி அகலத் தொட்டிக்கு. சுட்ட மண் தொட்டிதான் நல்லது. கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி நம் வெயிலில் கொதிக்கும், பக்கத்து வேர் வெந்துபோகும்.

6. இடம்: இரண்டு காற்றையும் பாருங்கள்

நம் ஊரில் ஒரு செடிக்கு இரண்டு எதிரிக் காற்று. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை தரைப் பக்கமிருந்து, தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான். மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரமில்லாமல் சுடச்சுட வருகிற காற்று அது. மழைக் காலத்தில் கடல் பக்கமிருந்து வரும் வாடை, அது உப்பைக் கொண்டுவரும்.

ஆகவே தொட்டியை வீட்டின் கிழக்குப் பக்கம் வையுங்கள். காலை வெயில் படட்டும், மத்தியானத்துக்குப் பிறகு வீட்டு நிழல் விழும், வீடே கச்சானை மறித்துவிடும். மேற்குச் சுவரோரம் வைக்கவே கூடாது, பகல் முழுக்கச் சூடேறிய சீமெந்துச் சுவர் இரவும் விடாமல் சூட்டைக் கக்கும். கிழக்கில் இடமில்லாதவர்கள் தென்மேற்குப் பக்கமாக இரண்டு கம்பு நட்டு ஆளுயரத்துக்குக் கிடுகு கட்டுங்கள். தகரம் வேண்டாம், அது தானும் சுடும், காற்றையும் சுழற்றிவிடும். கிடுகு காற்றை வடிகட்டித்தான் விடும். மேலே பாதி வெயில் விடுகிற நிழல் வலை போதும், முழு நிழலில் கன்று மெலிந்து நீளும்.

கடலுக்குக் கிட்ட இருப்பவர்கள் வாடை பலமாக அடித்த நாளுக்கு மறுநாள் இலையை நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள்.

பட்டணத்துக்குள் இருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: மான். கோட்டைப் பக்கமும் கடற்கரை வீதியிலும் திரிகிற புள்ளிமான்களைப் பார்க்க எனக்கும் ஆசைதான், ஆனால் மேப்பிள் தளிர் அவற்றுக்கு விருந்து. அமெரிக்காவிலும் மான்கள் இதை விரும்பித் தின்னும். கேற் பூட்டாத இரவு ஒன்றில் என் கன்றுகள் மூன்று மொட்டையாகிவிட்டன. கோழி வலையால் ஒரு கூடு செய்து மூடுங்கள். ஆட்டுக்கும் மாட்டுக்கும் அதுவே போதும்.

7. தண்ணீர்

கச்சான் காலத்தில் காலையும் மாலையும், மற்ற நாட்களில் மண்ணுக்குள் விரல் விட்டுப் பார்த்து. விரலில் ஈரம் ஒட்டினால் ஊற்ற வேண்டாம்.

எந்தத் தண்ணீர் என்பதுதான் பெரிய கேள்வி. கடலோரக் கிணறுகள் பல கச்சான் காலத்தில் சவர்த்துப் போகும். நாக்கில் வைத்து உப்புத் தெரிகிற தண்ணீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள், இரண்டு வாரத்தில் இலை ஓரம் கருகும். குழாய்த் தண்ணீர் என்றால் வாளியில் இரவு முழுக்கத் திறந்து வைத்துவிட்டுக் காலையில் ஊற்றுங்கள். எல்லாவற்றிலும் சிறந்தது மழைத் தண்ணீர். மார்கழியில் கூரைப் பீலியின் கீழ் 200 லீற்றர் பரல் ஒன்றை வைத்து நிரப்பி, நுளம்பு புகாமல் இறுக்கி மூடிவிடுங்கள். நாளுக்கு இரண்டு லீற்றர் என்றால் நூறு நாள் வரும், கச்சானின் மோசமான பகுதியை அதுவே கடத்திவிடும்.

நான் செய்கிற இன்னொரு வேலை, தொட்டியைப் பெரிய தொட்டி ஒன்றுக்குள் இறக்கி, இடைவெளியில் மணல் நிரப்பி அந்த மணலையும் நனைத்து வைப்பது. மண்பானைத் தண்ணீர் எப்படிக் குளிர்கிறதோ அப்படி வேர் குளிர்ந்திருக்கும். மேல் மண்ணைப் பொச்சுமட்டைத் துண்டால் மூடுங்கள், தண்டை ஒட்டாமல் இரண்டு விரல் விலக்கி. கறையான் வருகிறதா என்று வாரம் ஒருமுறை கிளறிப் பாருங்கள்.

8. இலை சொல்வதைக் கேளுங்கள்

ஓரம் மட்டும் பழுப்பாகிக் கருகினால் உப்புத் தண்ணீர் அல்லது காற்று. தொட்டியின் அடியால் வழிகிற அளவுக்கு மழைத் தண்ணீரை ஊற்றி உப்பைக் கழுவுங்கள், இடத்தையும் மாற்றுங்கள். நரம்பு பச்சையாக இருக்க நடுப்பகுதி மஞ்சளானால் மண் காரமாகிவிட்டது, இரும்பையும் மங்கனீசையும் வேரால் எடுக்க முடியவில்லை. இதற்கு யூரியா போட்டு நான் ஒரு கன்றைக் கொன்றிருக்கிறேன். மண்ணை மாற்றுவதும் மழைத் தண்ணீருக்கு வருவதும்தான் வழி. இலைக்கடியில் மெல்லிய நூல் வலையும் சிறு புள்ளிகளும் தெரிந்தால் சிவப்புச் சிற்றுண்ணி, வறண்ட காற்றில்தான் பெருகும். இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீரால் பலமாகக் கழுவி, மாலையில் வேப்பெண்ணெயும் சவர்க்காரத் தண்ணீரும் தெளியுங்கள். பகலில் எண்ணெய் தெளித்தால் இலை பொரிந்துவிடும்.

கச்சான் காலத்தில் கன்று இலை எல்லாவற்றையும் கொட்டிவிட்டால் உடனே பிடுங்கி எறியாதீர்கள். தண்டை நகத்தால் இலேசாகச் சுரண்டுங்கள், உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. என்னிடம் இப்போது நிற்பதும் ஒருமுறை முழு மொட்டையாகி, ஐப்பசி மழையில் திரும்பத் துளிர்த்ததுதான். அந்த நேரம் தண்ணீரைப் பாதியாகக் குறையுங்கள், பசளை போட வேண்டாம்.

9. சிறிதாகவே வைத்திருக்க

சொந்த நாட்டில் இது 60 அடிக்கு மேலும் போகிற மரம். தொட்டியில் அடங்கி நிற்க வேண்டுமென்றால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, ஐப்பசி மழை தொடங்கியதும் வெளியே எடுத்து, சுற்றி ஓடிய வேரில் மூன்றில் ஒரு பங்கை வெட்டிப் புது மண்ணில் வையுங்கள். அதே வாரத்தில் கிளை நுனிகளையும் ஒரு சோடி இலைக்கு மேலாகக் கத்தரியுங்கள், வேர் குறைந்தால் இலையும் குறைய வேண்டும். மழை முடிந்த பிறகு எதையும் வெட்டாதீர்கள். பசளை என்றால் கார்த்திகையிலும் மாசியிலும் ஒவ்வொரு பிடி கூட்டெரு, அவ்வளவுதான்.

தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் நல்ல மண்ணும் நல்ல தண்ணீரும் உள்ளவர்கள் தரையில் வைக்கலாமா என்று கேட்கிறார்கள். மூன்று வருடம் தொட்டியில் வளர்த்து, தண்டு பெருவிரல் தடிப்புக்கு வந்த பிறகு, பெரிய மரமொன்றின் கிழக்குப் பக்கத்தில், ஐப்பசி மழையில் வையுங்கள். இரண்டு கன்று இருந்தால் ஒன்றைத் தொட்டியிலேயே விடுங்கள். அதோடு அனுமதிப் பத்திரம், சான்றிதழ் இரண்டின் பிரதியையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருங்கள், கன்றை வேறொருவருக்குக் கொடுக்கும்போது ஒரு பிரதியையும் சேர்த்துக் கொடுங்கள்.